பதினேழு தசம் ஆறு

என் தொழில் இரத்தம் எடுப்பது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்பக்கத் தெருவில் உள்ள சிறிய பரிசோதனை நிலையம் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக ஊசியும் கையுமாக இருக்கிறேன். என் தொழிலைக் கேட்டதும் முதலில் முகத்தைச் சுளிக்காத ஆள் இல்லை. அடுத்த நிமிடமே கையை நீட்டி, "எனக்கு இரத்தம் காணாது போல, ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லாத ஆளும் இல்லை.

எங்கள் ஊரில் எல்லா வருத்தத்துக்கும் காரணம் இரத்தக் குறைவு ஒன்றுதான். களைப்பா? இரத்தம் காணாது. தலைமயிர் கொட்டுகிறதா? இரத்தம் காணாது. பிள்ளை கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டானா? பாவம், அவனுக்கும் இரத்தம் காணாது. முருங்கையிலையும் ஈரலும் தின்று ஒரு மாதம் கழித்து வருகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் அரைப் புள்ளி ஏறியிருந்தால், பரீட்சையில் பாஸாகிய முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நானும் என் பங்குக்கு "கெட்டிக்காரி" என்று ஒரு சொல் சேர்த்து அனுப்புவேன். இலவசம்தானே. எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்பதுதான் இருபத்தெட்டு வருடத்தில் நான் பழுக்கப் பழுக்கப் பெற்ற ஞானம்.

என் கணவர் சுழியோடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதும், நங்கூரச் சங்கிலி எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடுவதும் அவருடைய வேலை. முப்பத்திரண்டு வருடம் கலங்கல் தண்ணீருக்குள் தடவித் தடவி வாழ்ந்தவர். வீட்டிலும் அப்படித்தான், கண்ணுக்கு முன்னால் இருக்கும் சீனிப் போத்தலைத் தடவித்தான் எடுப்பார். உடம்புக்கு ஏலாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காது வலிக்கிறது, தலை இடிக்கிறது என்று சொல்லும் சுழியோடியை ஒரு கிழமைக்குக் கரையில் உட்கார்த்தி வைப்பார்கள். ஆகவே சுழியோடிகளுக்கு ஒரு வலியும் வராது. வைத்திய உலகம் இதை இன்னும் கவனிக்கவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு காலை அவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "கீழ என்ன கிடக்கெண்டு பாத்தாச்சு. மேல என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். ஏதோ ஞானம் கதைக்கிறார், ஞாயிறுப் பூசைக்கு ஒழுங்காக வரப்போகிறார் என்று நான் சந்தோசப்பட்டேன். அவர் சொன்னது நேபாளத்தை. துறைமுகத்தில் ஓய்வு பெற்ற ஆறு பேர் சேர்ந்து பனிமலை பார்க்கப் போகிறார்களாம். ஆறு பேரும் பிறந்ததிலிருந்து கடல்மட்டத்தில் வாழ்ந்தவர்கள். ஏறிய அதிக உயரம் கோணேசர் மலை. அதிலும் இரண்டு பேர் பாதி வழியில் இளநீர் குடிக்க நின்றுவிடுவார்கள்.

அந்த ஆறு பேரில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், கட்டைபறிச்சான் என்ற ஊரில் பிறந்ததால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்ட கட்டைபறிச்சான் அண்ணன். என் கணவர் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே படகில் இருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். கயிற்றின் ஒரு முனை இவருடைய இடுப்பில், மறு முனை அவருடைய கையில். தண்ணீருக்குள் கதைக்க முடியாது, ஆகவே கயிறுதான் கதைக்கும். ஒரு முறை இழுத்தால் "சுகமா?" இரண்டு முறை இழுத்தால் "கயிறு விடட்டா?" மூன்று முறை இழுத்தால் "கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா." மூன்று இழுவைக்குக் கீழே இருந்து கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. மேலே இருப்பவனுக்குத் தெரிவது கீழே இருப்பவனுக்குத் தெரியாது என்பதுதான் அதற்குக் காரணம். முப்பத்திரண்டு வருடத்தில் என் கணவர் மறுபேச்சுப் பேசாமல் கீழ்ப்படிந்தது அந்த மூன்று இழுவைக்கு மட்டும்தான். எனக்கு அப்படி ஒரு கயிறு தரப்படவில்லை.

பயணம் நிச்சயமானதும் என் தொழில் பெருமை விழித்துக்கொண்டது. உயரத்துக்குப் போனால் காற்று மெலிந்திருக்கும், அதை ஈடுகட்ட உடம்பு இரத்தத்தைக் கூட்டும் என்று நான் படித்திருக்கிறேன். படித்ததில் பாதி ஞாபகம் இருந்தது. பாதி ஞாபகம் என்பது முழு மறதியை விட மோசமானது என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் நிலையத்தில் புதிய கருவி வந்தபோது ஒதுக்கிய பழைய கைக்கருவி ஒன்று என் அலுமாரியில் இருந்தது. விரலில் குத்தி ஒரு துளி வைத்தால் ஹீமோகுளோபினைச் சொல்லிவிடும். அதை அவருடைய பையில் வைத்து, எப்படிக் குத்துவது என்று காட்டிக் கொடுத்தேன்.

"ஒவ்வொரு நாளும் காலமை பாத்து எனக்கு அனுப்புங்கோ. கருவியைக் குளிரில விடாம உள் சட்டைக்குள்ள வைங்கோ."

"நான் மலை பாக்கப் போறனோ, பரிசோதனைக்குப் போறனோ?"

"ரெண்டுக்கும்தான்."

வீட்டில் பார்த்தபோது பதினைந்து தசம் ஒன்று. அறுபது வயது மனிதனுக்கு அருமையான எண். என் சமையலுக்குக் கிடைத்த சான்றிதழாக அதை எடுத்துக்கொண்டேன்.

நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் பதினைந்து தசம் எட்டு வந்தது. குசினிக் கலண்டரில் சிவப்பு மையால் எழுதினேன். இப்படி ஏறும் எண்ணை என் தொழிலில் நான் கண்டதில்லை. ஈரல் இல்லை, முருங்கையிலை இல்லை, சும்மா நடந்தே ஏறுகிறது. "கெட்டிக்காரன்" என்று பதில் அனுப்பினேன், பெருவிரல் படம் மூன்று சேர்த்து. பக்கத்து வீட்டுக்காரியிடம் மதிலுக்கு மேலால் சொன்னேன். உப்புவெளியில் இருக்கும் என் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவளுடைய கணவர் கணினிக்கு முன்னால் இருந்தே இரத்தத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார், ஆகவே அவளுக்குச் சொல்வதில் ஒரு தனி ருசி இருந்தது.

மூன்றாம் நாள் பதினாறு தசம் ஏழு. அன்றைக்கு ஒரு புகைப்படமும் வந்தது. ஆறு பேரும் பனிமலைக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். மற்றவர்களின் கம்பளித் தொப்பி காதோடு நிற்க, என்னவரின் தொப்பி மட்டும் புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. குளிர் அவருக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது போல என்று நினைத்தேன். எண்ணைப் பார்க்கும் பெண் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

அன்றைக்கு வழித்திட்டத்தில் ஓய்வு நாள். ஒரே உயரத்தில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்க வேண்டும் என்று கூட்டிப்போன வழிகாட்டி சொல்லியிருக்கிறான். தலையிடிப்பவர்கள் சொல்லுங்கள், சொன்னால் கீழே அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறான். கீழே அனுப்புவேன் என்று சொன்னால் எந்தத் துறைமுகத்துக்காரன் வாயைத் திறப்பான்? ஆறு பேரும் கையை உயர்த்தி வாக்கெடுத்து, ஓய்வு வேண்டாம், மேலே போவோம் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். மலைக்கு வாக்குரிமை கொடுக்கப்படவில்லை.

அன்று பின்னேரம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதை இன்னும் என் தொலைபேசியில் வைத்திருக்கிறேன், அழிக்க மனம் வரவில்லை. "நாளைக்கு நான் இஞ்சயே நிப்பனோ எண்டு யோசிக்கிறன். நீர் என்ன சொல்லுறீர்?"

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவர் என்னிடம் ஆலோசனை கேட்ட இரண்டாவது தடவை அது. முதலாவது, குளியலறைக்கு என்ன நிறம் பூசுவது என்று. கேள்வியே ஒரு நோய்க்குறி என்று நான் விளங்கியிருக்க வேண்டும். நான் விளங்கவில்லை. "இரத்தம் இவ்வளவு ஏறியிருக்கு, உங்களுக்கு என்ன பயம்? மற்ற ஆக்களைவிட நீங்கள்தான் திறம். பேசாமப் போங்கோ" என்று பதில் அனுப்பினேன். அவர் போனார்.

நாலாம் நாள் காலை நிலையத்துக்கு வந்து கதவைத் திறக்கும்போது செய்தி வந்தது. பதினேழு தசம் ஆறு. எழுத்தில் அது மட்டும்தான். மற்ற நாட்களில் "மலை வடிவு", "சோறு சரியில்லை" என்று ஏதாவது இருக்கும். நான் பதினேழு தசம் ஆறைப் பார்த்துத் தலைகால் புரியாமல் குதித்ததில் மற்றது இல்லாததைக் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்து ஒரு மாதிரி வந்தது. டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் லிங்கநகர் ஆசிரியை ஒருவரின் இரத்தம். மழைக்காலத்தில் எங்களுக்கு இதுதான் வேலை. டெங்குவில் நாங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது பி.சி.வி. என்ற எண்ணை, அதாவது இரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்பதை. முதல் நாள் முப்பத்தெட்டாக இருந்தது அன்றைக்கு நாற்பத்தைந்து. உடனே வார்ட்டுத் தாதி மிஸிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மிஸி, டொக்டருக்கு உடன சொல்லுங்கோ. ஏறிக்கொண்டு போகுது."

மிஸி புதியவள் போலும். "ஏறினா நல்லதுதானே அக்கா?" என்றாள்.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? இரத்தம் கூடயில்லை, உள்ளுக்க தண்ணி குறையுது. தண்ணி குறைஞ்சா எண் ஏறும்தானே. ரெண்டு மூண்டு நாளில ஆருக்கடி புது இரத்தம் ஊறும்?"

சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். என் கைத்தொலைபேசியை எடுத்து என் கணவரின் செய்திகளைத் திரும்பப் பார்த்தேன். பதினைந்து தசம் எட்டு, பதினாறு தசம் ஏழு, பதினேழு தசம் ஆறு. மழைக்காலம்தோறும் வார்ட்டுக்கு நான் கத்திச் சொல்லும் ஆபத்தை, என் குசினிக் கலண்டரில் சிவப்பு மையால் எழுதி, பெருவிரல் படம் போட்டு வாழ்த்தியிருக்கிறேன்.

எங்கள் நிலையத்தின் பக்கத்து அறையில் ஒரு டொக்டர் நோயாளரைப் பார்ப்பார். வரிசையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் எண்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எண்ணை விடுங்கோ மிஸிஸ். மேல போற எல்லாருக்கும் முதல் நாட்களில உடம்பு தண்ணியை வெளியில தள்ளும், இரத்தம் தடிக்கும், எண் ஏறும். புது இரத்தம் வரக் கிழமைக்கணக்கில எடுக்கும். எண் ஏறினதால ஆள் மலைக்குப் பழகிட்டார் எண்டு சொல்ல ஏலாது. தலையிடி இருக்கா?"

"இல்லை எண்டுதான் சொல்லுறவர்."

"கேட்டனீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. நாலு நாளில் ஒரு தடவைகூட. "எத்தனை?" என்று மட்டும் கேட்டிருந்தேன்.

"தலையிடியோட சத்தி, வாந்தி எண்டு இருந்தா ஒரு அடி மேல போகக்கூடாது. நேரா நடக்க ஏலாதெண்டா அந்த நிமிசமே கீழ இறக்க வேணும். அதுக்குப் பிறகு மூளை வீங்கத் தொடங்கினா உங்கட எண்ணும் உதவாது, என்ர மருந்தும் உதவாது" என்றார் டொக்டர்.

என் கணவரை வீடியோ அழைப்பில் எடுத்தேன். நல்லகாலம், அவர்கள் வழியில் நின்ற விடுதியில் இணையம் வேலை செய்தது. பகல் சாப்பாடு முடிந்ததும் அடுத்த கிராமத்துக்கு ஏறப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய முகம் வந்தது. தொப்பி புருவத்தில்.

"தொப்பியைக் கழட்டுங்கோ."

"குளிருது."

"கழட்டுங்கோ எண்டு சொன்னனான்."

கழற்றினார். நெற்றியைச் சுற்றி ஒரு லேஞ்சித் துணி. சதை பிதுங்க இறுக்கிக் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டு. எங்கள் பக்கத்தில் மண்டை பிளக்கும்போது கட்டும் கட்டு அது. லேஞ்சிக்குக் கீழே தைலம் பளபளத்தது. மூன்று நாளாக அதை ஒரு கம்பளித் தொப்பிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். நானும் முதல் நாள் புகைப்படத்தில் அந்தத் தொப்பியைப் பார்த்துக் குளிர் என்று நினைத்திருக்கிறேன்.

"சத்தி எடுத்தனீங்களா?"

"ஒருக்கா. சோறு சரியில்லை. மேல போனாச் சரி வரும்."

மேலே போனால் சரி வரும். கடலுக்குள் எது பிசகினாலும் வழி மேலேதான். காற்று மேலே, வெளிச்சம் மேலே, கயிறு மேலே. முப்பத்திரண்டு வருடம் அவருடைய உடம்பு கற்றுக்கொண்ட ஒரே வைத்தியம் அது. அந்த உடம்பை நான்தான் பெருவிரல் படம் போட்டு மலைக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எழும்பி, அந்த நிலப்பலகை இடுக்கைப் பாத்து, குதிக்காலோட விரல் முட்ட நேரா நடந்து காட்டுங்கோ."

"உமக்கு விசரோ?" என்று சிரித்தார். சொல் கொஞ்சம் கொழகொழத்தது. எழும்பினார். முதல் அடி வைத்தார், இரண்டாவது அடிக்குச் சுவரைப் பிடித்தார், மூன்றாவது அடியில் திரையில் கூரை தெரிந்தது. "வழுக்குது" என்ற குரல் மட்டும் கேட்டது. புயல் நேரத்திலும் படகு விளிம்பில் நடந்த மனிதன். காய்ந்த பலகையில் வழுக்குகிறதாம்.

அவரோடு வாதாடிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். கெஞ்சினால் சிரிப்பார், கத்தினால் இணைப்பைத் துண்டிப்பார். அழைப்பை வைத்துவிட்டுக் கட்டைபறிச்சான் அண்ணனுக்கு எடுத்தேன். அவர் அடுப்பங்கரையில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ர மனுசனை உடன கீழ இறக்குங்கோ. மூளைக்குப் பிரச்சினையாம். கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்லை. மூண்டு இழுவை, அண்ணே. மூண்டு இழுவை."

மறுமுனையில் கிண்ணத்தை வைக்கும் சத்தம் கேட்டது. "சரி தங்கச்சி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு நடந்ததை அண்ணன் வந்து சொன்னார். அவர் போனபோது என்னவர் கதிரையில் இருந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாராம், வலது காலில் இடது சப்பாத்தை. மேலே போவதற்குத்தான். அண்ணன் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாராம். ஒன்று, இரண்டு, மூன்று. என்னவர் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிச் சரியாக மாட்டி, எழும்பி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாராம். பைகூட எடுக்கவில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா என்றால் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

வழிகாட்டி ஒரு பக்கமும் அண்ணன் மறுபக்கமும் பிடித்து, அன்றைக்கு இருட்டுமுன் இரண்டு கிராமம் கீழே இறக்கினார்கள். அந்த ஆறு மணி நேரமும் நான் அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரியோடு இருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நிலையத்தில் பதினொரு பேருக்கு இரத்தம் எடுத்தேன். ஒருவருடைய நரம்பும் தவறவில்லை, கை அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தது. மனம் மட்டும், செத்துப்போவாரா, செத்துப்போனால் அந்தக் குரல் செய்தியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னேரம் ஆறரைக்கு அண்ணனின் செய்தி வந்தது: "நேரா நடக்கிறான். பசிக்குதாம்." மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவர் வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை ஒழுங்காக, நோயாளர் கதிரையில் உட்கார்த்தி, கையில் பட்டி கட்டி எடுத்தேன். நரம்பைத் தேடும்போது, அவருடைய முகத்தைப் பார்க்காமல், பல நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"தலையிடிக்குது எண்டு ஏன் எனக்குச் சொல்லயில்லை?"

"வழிகாட்டி திருப்பி அனுப்பிப்போடுவான் எண்டுதான் முதல் நாள் சொல்லயில்லை. பிறகு, எண் அனுப்பேக்க நீர் அவ்வளவு சந்தோசப்பட்டீர். அதுக்கு முதல் கெட்டிக்காரன் எண்டு நீர் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டிட்டன்."

இரத்தத்தைக் கருவியில் வைத்தேன். தெருவில் போகிற எத்தனை பேருக்கு அந்தச் சொல்லை இலவசமாகக் கொடுத்திருப்பேன்! எண் வந்தது. பதினாலு தசம் ஒன்பது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "குறைஞ்சிட்டுது."

அவருடைய முகம் விழுந்தது. பாஸாகாத பிள்ளையின் முகம். "குறைஞ்சிட்டுதோ?" என்றார். "குறை நினையாதையும். இனிக் கொஞ்சம் ஈரல் சாப்பிட்டுப் பாக்கிறன்."

வரிசையில் ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையுறையோடு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரத்தம் எடுப்பவளே அழுதால் எடுக்க வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பெண்மணி எழும்பி வீட்டுக்கே போய்விட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணை மூடிவைத்துவிட்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"இப்ப தலையிடி இருக்கா?"

"இல்லை" என்றார் வழக்கம்போல. நான் கையை விடவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன், ஒரே ஒரு முறை. சுகமா?

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருக்கு" என்றார். "காலமையில இருந்து."